ஆங்கிலத் தேர்வுக்குச் சொல் சேர்ப்பது எப்படி?

மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை மளிகைக் கடைக்கே வர வேண்டும் என்ற காலம் மலையேறிவிட்டது. நம் வணிகக் குடும்பங்களில் இன்று செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள். பொறியியல், மருந்தியல், கணக்கியல் படித்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போக விரும்புகிறார்கள். பாஸ்போர்ட் வாங்கிவிடலாம். வங்கிக் கடனுக்கும் வழி தேடிவிடலாம். ஆனால் நடுவில் ஒரு செக்போஸ்ட் நிற்கிறது. அதுதான் ஆங்கில மொழித் தகுதித் தேர்வு.

இந்தத் தேர்வை ஒரு முறை எழுதுவதற்கான கட்டணமே 15,000 ரூபாய்க்கு மேல். பயிற்சி நிலையத்துக்குக் கட்டும் பணம் தனி. மதிப்பெண் அரைப் புள்ளி குறைந்தால் திரும்பவும் முதலிலிருந்து செலவு. இரண்டு முறை, மூன்று முறை எழுதி, கடையில் புரள வேண்டிய முதலையே அதில் கரைத்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அப்பா, எனக்கு வார்த்தை பற்றவில்லை."

வார்த்தை பற்றவில்லை என்றால் எந்த வார்த்தை, எத்தனை வார்த்தை, அதை எப்படிச் சேர்ப்பது? புதிதாக ஒரு சரக்கை எடுக்குமுன் நாலு இடத்தில் விசாரிப்பது நம் வழக்கம். அதுபோல ஆசிரியர்களிடமும், தேர்வு எழுதி வென்றவர்களிடமும், புத்தகங்களிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

தேர்வின் அமைப்பு

இவ்வகைத் தேர்வுகள் பல உண்டு. அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய ‘டோஃபல்’ அவற்றுள் பழையது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது ‘ஐயெல்ட்ஸ்’. இது 1989 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று தரப்பும் இதற்குக் கூட்டு உரிமையாளர்கள்.

கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். கேட்டலில் சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு, 40 கேள்விகள். பதிவை ஒரே ஒரு முறைதான் ஒலிக்க விடுவார்கள். படித்தலுக்கு 60 நிமிடம், அதிலும் 40 கேள்விகள். எழுதுதலுக்கு 60 நிமிடம். அதில் ஒன்று குறைந்தது 150 சொற்கள், மற்றொன்று குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். பேசுதல் தேர்வாளருடன் நேருக்கு நேர் 11 முதல் 14 நிமிடம்.

ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 9 வரை மதிப்பு. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, அருகிலுள்ள அரைப் புள்ளிக்குச் சரி செய்வார்கள். ஒருவர் 6.5, 6.5, 6, 6 வாங்கினால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25. அதை 6.5 என்று ஏற்றிவிடுவார்கள். ஆனால் சராசரி மட்டும் போதாத இடங்களும் உண்டு. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய விரும்புவோர் கேட்டல், படித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7-ம், எழுதுதலில் 6.5-ம் வாங்கியாக வேண்டும். ஒரு தட்டில் கூடுதலாக இருப்பதை எடுத்து மறு தட்டில் போட முடியாது.

எழுதுதல், பேசுதல் இரண்டிலும் மதிப்பெண் போட நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று சொல்வளம். ஆகவே அந்த இரு பகுதிகளிலும் கால் பங்கு மதிப்பெண் சொல்லுக்கே போகிறது. கேட்டலிலும் படித்தலிலும் சொல் தெரியாவிட்டால் கேள்வியே புரியாது. பிள்ளைகள் சொல்லும் குறை பொய்யில்லை.

எந்தச் சரக்கு முதலில்?

ஆங்கிலத்தின் பெரிய அகராதியான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தபோது 20 தொகுதிகள். இதை எவரும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. நம் கடையில் ஆயிரம் வகைச் சரக்கு இருந்தாலும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று சில வகைதான் தினமும் ஓடும். மொழியிலும் அப்படியே.

இதை முதலில் கணக்கெடுத்துச் சொன்னவர்களில் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் முக்கியமானவர். அவர் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வங்காளத்தின் டாக்கா நகரில் கல்விப் பணியில் இருந்தவர். அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டைப் பார்த்து, அரிதாக வரும் சொற்களை நீக்கிவிட்டு அடிக்கடி வரும் சொற்களால் வாசகப் புத்தகங்களை எழுதினார். 1953-ல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளின் கஷ்டத்தைப் பார்த்தவர் போட்ட பட்டியல் பிறகு உலகம் முழுவதும் பயன்பட்டது.

அதற்கு அடுத்த படியைப் போட்டவர் நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறை நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி எண்ணினார். வெஸ்ட் பட்டியலில் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, நான்கு துறைகளிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். ‘கல்விச் சொற்பட்டியல்’ என்ற பொருள்படும் பெயரில் 2000-ஆம் ஆண்டு அது வெளிவந்தது.

அவர் கணக்குப்படி, கல்வி நூல்களில் வரும் நூறு சொற்களில் சுமார் 76 வெஸ்டின் 2,000-க்குள் அடங்கிவிடும். இன்னும் 10 அந்த 570 குடும்பங்களுக்குள் வரும். அதே 570 கதைப் புத்தகங்களில் நூற்றுக்கு ஒன்றரை கூட வருவதில்லை. ஆகவே பட்டப்படிப்பு வரை படித்த பிள்ளையானாலும், கதை படித்தும் படம் பார்த்தும் மட்டும் ஆங்கிலம் பழகியிருந்தால் தேர்வுத்தாளில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐயெல்ட்ஸ் நடத்துபவர்கள் தங்கள் தேர்வுக்கென்று அதிகாரப்பூர்வமான சொற்பட்டியல் எதையும் வெளியிடவில்லை. "இதுதான் ஐயெல்ட்ஸ் வார்த்தைகள்" என்று அச்சடித்து விற்பவை விற்பவர்களே தொகுத்தவை. மேலே சொன்ன இரண்டும் ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணிப் பார்த்துப் போட்ட பட்டியல்கள். அதனால் நம்பி எடுக்கலாம்.

நம் கல்லாவில் கிடக்கும் சொற்கள்

அந்த 570 குடும்பங்களைப் பத்து உட்பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதிகம் வரும் 60 குடும்பங்கள் முதலாவதில். அதைப் பார்த்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. கான்ட்ராக்ட், டிஸ்ட்ரிபியூட், எக்ஸ்போர்ட், ஃபைனான்ஸ், இன்கம், லேபர், பர்சென்ட், எஸ்டிமேட், அவெய்லபிள். இவற்றில் எது நம் கடையில் புழங்காத சொல்? இரண்டாவது 60-ஐப் பாருங்கள்: கிரெடிட், பர்சேஸ், கமிஷன், ஐட்டம், டிரான்ஸ்ஃபர், இன்வெஸ்ட், கன்ஸ்யூம்.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு இந்தத் தேர்வுக்குப் போகவில்லை. அப்பாவின் பில் புத்தகத்திலும் கடைப் பலகையிலும் பாதி முதல் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் சொல்லப் போனால், ஆங்கிலமே நம் கடற்கரைகளில் கொள்முதல் செய்த மொழிதான். கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது. மாங்காய் போர்த்துகீசியர் வழியாக ‘மேங்கோ’ ஆயிற்று. நம்மிடம் வாங்கியவர்களிடம் நாம் கேட்டு வாங்குவதில் தயக்கம் என்ன?

ஆனால் முதல் இருந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சொல் தெரிந்த பிள்ளைக்கு, பங்கிடுதல் என்பதற்கு டிஸ்ட்ரிபியூஷன் என்றும், பங்கிட்டான் என்பதற்கு டிஸ்ட்ரிபியூட்டட் என்றும் எழுதத் தெரிய வேண்டும். ஒரு சொல்லின் வினை, பெயர், அடைமொழி ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் குடும்பம். நோட்டில் தனிச் சொல்லாக எழுதாமல் குடும்பமாக எழுத வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் அப்படியே. கேட்டல், படித்தல் பகுதிகளில் சொல்லைத் தப்பாக எழுதினால் விடை தப்புதான். தினமும் நாம் எழுதிக் கொடுக்கும் ரசீதுக்கு ஆங்கிலம் ‘ரிசீட்’. அதில் ஒலிக்காத ஓர் எழுத்து உள்ளே இருக்கிறது. கடன் என்ற பொருள்படும் ‘டெட்’ என்பதிலும் அப்படி ஓர் எழுத்து உண்டு. காதால் மட்டும் கற்ற சொல்லைக் கையால் எழுதிப் பார்க்காதவர் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார். பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதிலேயே நிற்பது நல்லது.

கடைப் பேச்சில் பொருள் மாறியவை

நம் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள் சில, ஊர் மாறி வந்த சரக்கு போலப் பொருள் மாறியிருக்கின்றன. அவற்றை அப்படியே தேர்வில் இறக்கினால் எடுபடாது.

கொள்முதல் செய்ய வருபவரை நாம் ‘பார்ட்டி’ என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் ‘கஸ்டமர்’ அல்லது ‘பையர்’. பார்ட்டி என்றால் விருந்து, அரசியல் கட்சி, அல்லது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. மீதிச் சில்லறையை நாம் ‘பேலன்ஸ்’ என்கிறோம். கடையில் திருப்பித் தரும் காசுக்கு ஆங்கிலத்தில் ‘சேஞ்ச்’ என்று பெயர். ஓட்டலில் கட்டி வாங்குவது நமக்குப் ‘பார்சல்’. பிரிட்டனில் அது ‘டேக் அவே’. பார்சல் என்றால் அங்கே தபாலில் வரும் பொட்டலம். ஒரு கிலோ பருப்பின் ‘ரேட்’ என்ன என்று நாம் கேட்போம். ஆங்கிலத்தில் பொருளுக்கு ‘பிரைஸ்’. வட்டிக்கும் நாணய மாற்றுக்கும் ‘ரேட்’. கடையில் ‘எஸ்டிமேட்’ என்பது துண்டுச் சீட்டில் போடும் கணக்கு. தேர்வில் வரும் எஸ்டிமேட்டோ சரியான அளவு தெரியாதபோது சொல்லும் உத்தேச மதிப்பு.

வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளையும் தகப்பனாரும் சேர்ந்து இப்படிப்பட்ட நாற்பது சொற்களை எழுதிவிடலாம். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத பட்டியல் அது.

சொல்லுக்குக் கூட்டாளி உண்டு

எண்ணெயை ஆட்டுகிறோம், மாவை அரைக்கிறோம், நெல்லைக் குத்துகிறோம். மாவை ஆட்டினேன் என்றால் கிரைண்டர் வீட்டில் பொருந்தும். நெல்லை ஆட்டினேன் என்றால் கேட்பவர் சிரிப்பார். இலக்கணம் சரி, பழக்கம் தப்பு. ஒவ்வொரு மொழியிலும் இன்ன சொல்லுக்கு இன்ன சொல் கூட்டாளி என்ற வழக்கு இருக்கிறது.

ஆங்கிலத்தில் டீயை ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லலாம். மழையை அப்படிச் சொல்லக் கூடாது, மழை ‘ஹெவி’. ‘டிசிஷன்’ என்ற சொல்லோடு ‘மேக்’ சேரும். ‘ரிஸ்க்’ என்பதோடு ‘டேக்’ சேரும். ‘டிபெண்ட்’ என்றால் பின்னால் ‘ஆன்’ வரும், ‘இன்வெஸ்ட்’ என்றால் ‘இன்’ வரும். ‘டிஸ்கஸ்’ என்றால் பின்னால் ‘அபௌட்’ வரவே கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் மிக அதிகமாகச் செய்யும் தவறுகளில் இந்தக் கடைசியும் ஒன்று. ஆகவே நோட்டில் சொல்லை எழுதும்போது அதன் கூட்டாளியோடு ஒரு சிறு வாக்கியத்தில் எழுத வேண்டும். வெறும் சொல்லும் எதிரே தமிழ்ப் பொருளும் மட்டும் எழுதிய நோட்டு, விலை போடாத சரக்குப் பட்டியல் மாதிரி. பார்க்கலாம், விற்க முடியாது.

மறப்பதற்குக் கணக்கு உண்டு

பிள்ளைகள் ஒரே இரவில் நூறு சொற்களைப் படித்துவிட்டு, ஒரு வாரத்தில் தொண்ணூறை மறந்துவிட்டு, தங்களுக்கு ஞாபகசக்தி இல்லை என்று வருந்துகிறார்கள். அது ஞாபகசக்திக் குறைவல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த எப்பிங்காஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும் என்று கண்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாட்களைப் பிரித்துத் திரும்பத் திரும்பப் படிப்பது பலன் தரும் என்றும் கண்டார்.

இதை எளிய பழக்கமாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர். 1972-ல் வெளியிட்ட தம் நூலில் ஓர் அட்டைப் பெட்டி முறையை அவர் விளக்கினார். நம் கடையில் சோப்பு வந்த காலி அட்டைப் பெட்டி ஒன்று போதும். உள்ளே தடுப்பு வைத்து ஐந்து அறையாக்குங்கள். சிறு சிறு சீட்டுகளில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் பொருளும் வாக்கியமும். புதுச் சீட்டு எல்லாம் முதல் அறையில். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். சொல் ஞாபகத்தில் இருந்தால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். மறந்திருந்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும் வீண் வேலை இதில் இல்லை. இன்று இதே முறை கைப்பேசிச் செயலிகளிலும் வந்துவிட்டது. ஆனால் கையால் சீட்டு எழுதும்போது எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே படிகிறது.

கணக்குப் பார்ப்போம். நாளுக்கு ஐந்து குடும்பம், வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் இல்லை, இருப்பு எடுக்கும் நாள். வாரம் 30. அந்த 570-க்கு 19 வாரம். நாலரை மாதத்தில் முடிந்துவிடும். நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதற்கும் பொருந்தும்.

அதற்கு மேல் வேண்டியது வாசிப்பு. நாளிதழையும் நூல்களையும் தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் என்ற நியூசிலாந்து பேராசிரியர் 2006-ல் மதிப்பிட்டார். அவ்வளவையும் சீட்டில் எழுதி மாளாது. தினம் ஒரு பக்கம் ஆங்கில நாளிதழ் படிப்பதால்தான் அது மெல்ல மெல்ல வரும். அதனால் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு தொடங்குவதைவிட, கல்லூரியின் முதலாண்டிலேயே நாளிதழ் பழக்கத்தைத் தொடங்கிவிடுவது சிக்கனம்.

அரிய சொல் மோகம்

நம்மிடம் சரக்கெடுக்கும் கடைக்காரர் ஒருவரின் மகள் செவிலியர். இரண்டு முறை தேர்வு எழுதினார். மற்ற மூன்றிலும் 7 வந்தது, எழுதுதலில் மட்டும் இரண்டு முறையும் 6. அரைப் புள்ளி குறைவு. தகப்பனார் நகையை அடகு வைத்து இன்னொரு பயிற்சி நிலையத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் முதலில் நோட்டைக் காட்டச் சொன்னோம்.

நோட்டு முழுவதும் அரிய சொற்கள். நாளுக்குப் பத்து வீதம் எழுதி வைத்திருக்கிறது அந்தப் பெண். கட்டுரையில் அவற்றை வலிந்து நுழைத்திருக்கிறது. நோயாளிக்கு நிறையத் தண்ணீர் தேவை என்று சொல்ல வந்த இடத்தில் ‘பிளெதோரா’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்குத் தேவைக்கும் மிஞ்சிய மிகுதி என்று பொருள். தேவை என்ற சொல்லோடு அது எப்படிச் சேரும்? ஆசிரியர் பக்கத்துக்கு ஐந்தாறு இடத்தில் இப்படிக் கோடு போட்டார். "அம்மா, நீ சொல் தெரியாமல் தோற்கவில்லை. பழகாத சொல்லை எடுத்ததால் தோற்றாய்" என்றார்.

அந்தப் பெண் அரிய சொல் நோட்டை மூடி வைத்தது. கல்விச் சொற்பட்டியலைக் குடும்பமாகவும் கூட்டாளியோடும் எழுதிப் பழகியது. வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்கியது. நான்கு மாதம் கழித்து எழுதிய மூன்றாவது தேர்வில் எழுதுதலில் 6.5 கிடைத்தது. மற்ற மூன்றும் குறையவில்லை. நகை வீட்டிலேயே இருந்தது. அவ்வளவு அதிகம் வராத சொற்களுக்கும் தேர்வில் மதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இடமறிந்து, கூட்டாளியறிந்து வந்தால்தான் அந்த மதிப்பு.

விலைப்பட்டியலே பாடப்புத்தகம்

மேற்படிப்புக்கும் செவிலியர் பணிக்கும் எழுதும் ‘அகாடமிக்’ பிரிவில், எழுதுதலின் முதல் கேள்வி பெரும்பாலும் வரைபடமோ அட்டவணையோ கொடுத்து விவரிக்கச் சொல்வது. ஏறியது, இறங்கியது, நிலையாக நின்றது, ஏறி இறங்கியது, உச்சம் தொட்டது என்று எழுத வேண்டும். ரைஸ், ஃபால், ரிமெய்ன் ஸ்டெடி, ஃப்ளக்சுவேட், பீக். அதோடு மளமளவென்று, படிப்படியாக, இலேசாக: ஷார்ப்லி, கிராஜுவலி, ஸ்லைட்லி.

இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? சின்ன வெங்காயம் ஓராண்டில் ஆடும் ஆட்டத்தையும் துவரம் பருப்பின் ஏற்ற இறக்கத்தையும் நம் பேரேடு சொல்லும். கடந்த பன்னிரண்டு மாத விலையை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள். இருபது நிமிடத்தில் 150 சொற்களில் ஆங்கிலத்தில் விவரிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மிளகாய் வற்றல், அதற்கடுத்து தேங்காய் எண்ணெய். பத்து வாரத்தில் அந்தக் கேள்விக்குப் பயம் போய்விடும்.

வேலைக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ‘ஜெனரல் டிரெய்னிங்’ பிரிவில் முதல் கேள்வி கடிதம். பழுதான சரக்கு வந்ததற்குப் புகார், தாமதத்துக்கு விளக்கம், உதவிக்கு நன்றி. இவை நாம் காலமெல்லாம் எழுதுபவையே. பேசுதலில் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். இரவு கடை சாத்தியதும் பிள்ளை எதிரே உட்கார்ந்து, இன்று கடையில் நடந்ததை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். நமக்குப் புரியாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கலாமே.

ஏமாறாமல் இருக்க

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

போகவிருக்கும் கல்லூரியோ பதிவு மன்றமோ எந்தத் தேர்வை ஏற்கிறது, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு கேட்கிறது என்பதை அவர்களுடைய அறிவிப்பிலேயே படித்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை. தரகர் வாய்வார்த்தை போதாது.

பொதுவாக இந்த மதிப்பெண்ணை இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கிறார்கள். படிப்பு முடிய மூன்றாண்டு இருக்கும்போது அவசரப்பட்டு எழுதினால், காலாவதித் தேதி தாண்டிய சரக்காகிவிடும்.

"இத்தனை மதிப்பெண் உறுதி" என்று எவரும் சொல்ல முடியாது. கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் இடத்துக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்த எழுத்தைத் தேர்வாளர்கள் கண்டுகொள்வார்கள், மதிப்பெண்ணும் குறையும். ஒரு நிலையத்தில் சேருமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை கட்டுரைகளை ஆளுக்கு ஆள் திருத்திக் கொடுப்பீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே வந்துவிடலாம்.

தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவர் மோசடிக்காரர். கல்லூரிகளும் நிறுவனங்களும் சான்றிதழின் எண்ணை வைத்து நேரடியாகச் சரிபார்த்துவிடுகின்றன. பணமும் போகும், விசாவும் போகும், பிள்ளையின் பெயரும் கெடும்.

தேர்வு அறைக்கு இரண்டு குறிப்புகள். தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பதில்லை. ஆகவே கேட்டலிலும் படித்தலிலும் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடக் கூடாது. இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுது என்றால் இரண்டுதான். மூன்று எழுதினால் விடை சரியாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

சங்கம் செய்யக்கூடியது

இந்தப் பொறுப்பை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. சங்கக் கட்டிடம் ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டித்தான் கிடக்கிறது. ஆங்கில நாளிதழ் இரண்டு வரவழைப்பது பெரிய செலவல்ல. நல்ல அகராதி ஒன்றும், பழைய தேர்வுத்தாள் புத்தகங்கள் சிலவும் அலமாரியில் இருந்தால் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கலாம். தேர்வில் தேறிய நம் பிள்ளைகள், வெளிநாடு புறப்படுமுன் தங்கள் சீட்டுப் பெட்டியை அடுத்தவருக்கு விட்டுப் போகலாம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்தால், வாரம் இருபது கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்க முன்வருவார்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். வீட்டில் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள், பிள்ளையின் பெயரையும் எந்தத் தேர்வு, எந்த மாதம் என்பதையும் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், எத்தனை பேருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற கணக்கு நமக்குக் கிடைத்துவிடும்.